கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைகிறது. மதர்போர்டு போச்சு என்கிறார்கள், நம்பலாமா?

முக்கூடல்காரன்:
வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த பழைய டெஸ்க்டாப். நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. சில சமயம் தானாகவே திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. சில சமயம் பட்டனை அமுக்கினாலும் அஞ்சு நிமிஷம் கழித்துத்தான் உயிர் வருகிறது. மகளின் ஆன்லைன் வகுப்பு அரைமணி நேரம் கூடத் தாங்குவதில்லை. கடையில் பத்து நிமிஷம் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு, 9,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன செய்யலாம் அண்ணாச்சி?

திசையன்விளை:
ஃபார்மட் அடிச்சிருங்க, சரியாயிரும்.

பாளை:
எதற்கெடுத்தாலும் ஃபார்மட்டா வே? முதலில் விண்டோஸ் விழுகிறதா, கரண்டு விழுகிறதா என்று பார்ப்போம்.

விண்டோஸில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். 'கெர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறியோடு வரிசையாக நிற்கும். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீடெயில்ஸைத் திறந்து 'பக்செக்கோட்', அதாவது விண்டோஸ் விழுந்தால் பதிகிற பிழை எண், எவ்வளவு என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் சுதாரிப்பதற்குள் கரண்டு போயிருக்கிறது. வேறு எண் இருந்தால் ரேம், டிரைவர் பக்கம் தேட வேண்டும்.

ஹெச்டபிள்யூமானிட்டர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு ப்ராசஸர் சூட்டையும் பாருங்கள். அப்புறம் ஒரு நோட்டில், எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது என்று எழுதி வையுங்கள். பல பேர் இதைச் செய்வதே இல்லை.

முக்கூடல்காரன்:
எல்லாமே பூஜ்யம். சும்மா இருக்கும்போதே சூடு 63 டிகிரி, வகுப்பு ஓடும்போது 98. நோட்டில் ஆறு முறை எழுதியிருக்கிறேன். நாலு முறை வகுப்பு நேரத்தில், ரெண்டு முறை காலை ஆறேகாலை ஒட்டி.

பாளை:
98 என்றால் அடுப்புதான். நூறை ஒட்டினால் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துவிடும், ஆறினால்தான் ஒழுங்காக ஓடும். அந்த அஞ்சு நிமிஷக் கதை இதுதான். ஆனால் காலை ஆறேகால் கணக்கு இதில் சேரவில்லை, அதைத் தனியாகப் பார்ப்போம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கிற கூலரின் நாலு பின்னையும் அதன் மேல் இருக்கிற அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கழன்று வரும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்திருக்கும், அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வையுங்கள். திரும்ப மாட்டும்போது பின்களை முதலில் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டு, எதிரெதிர் மூலையாக அமுக்குங்கள். நாலும் 'டக்' என்று விழ வேண்டும். ஒன்று விழாவிட்டாலும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

முக்கூடல்காரன்:
திறந்து பார்த்தால் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடே தெரியவில்லை. காக்கி நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படை. மூக்கில் ஏறியதும்தான் புரிந்தது, புகையிலைத் தூள். ஹாலில் ஆச்சி சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற இடத்துக்கு ரெண்டடி தள்ளித்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதுவும் தரையில். இப்போது மேசைக்கு மேல் ஏற்றிவிட்டேன். சூடு 41, வகுப்பு ஓடும்போது 66. நாலு நாள் ஒரு பிரச்சினையும் இல்லை.

அஞ்சாம் நாள் காலை 6.20க்குப் பட்டென்று போய்த் தானாக வந்தது. இன்னொன்று, பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று ஆச்சி ரொம்ப நாளாகச் சொல்கிறாள். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்பை எலக்ட்ரீஷியன்:
ஆச்சி சொல்வதைக் கேட்டிருக்கலாமே. டெஸ்டரை கேபினட் இரும்பில் வைத்துப் பாருங்கள், எரியும். கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றித் தருகிற எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டு எப்போதும் பாடிக்குக் கசியும். எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பாடியிலேயே பாதி வோல்டேஜ் நிற்கும். வெறும் கசிவென்றால் சுர்ரென்பதோடு போகும். உள்ளே கரண்டு ஒயரே நேராகப் பாடியில் பட்டிருந்தால் ஆளையே சாய்த்துவிடும், வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. எர்த் அடிக்கிற வரை வெறுங்காலோடு தொட வேண்டாம்.

காலை ஆறேகாலுக்கு மோட்டார் போடுகிறீர்களா?

முக்கூடல்காரன்:
ஆமாம், ஒரு ஹெச்பி போர் மோட்டார். கம்ப்யூட்டரை ராத்திரி அணைக்காமலே விட்டுவிடுவோம்.

அம்பை எலக்ட்ரீஷியன்:
மோட்டார் கிளம்புகிற நொடியில் வழக்கமாக இழுப்பதைப் போல அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். லைன் பலவீனமாக இருந்தால் வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். நல்ல எஸ்எம்பிஎஸ் கண் சிமிட்டுகிற அந்த நேரத்தைத் தாங்கிக்கொள்ளும். கெபாசிட்டர் கெட்டது தாங்காது. கம்ப்யூட்டரை ஓடவிட்டு வேண்டுமென்றே மோட்டாரைப் போட்டுப் பாருங்கள்.

முக்கூடல்காரன்:
மூன்று முறை போட்டேன், ரெண்டு முறை செத்தது. ட்யூப்லைட்டும் ஒரு சிமிட்டு சிமிட்டுகிறது. மைத்துனர் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டினேன். பத்து முறை மோட்டார் போட்டும் அசையவில்லை. அப்போ மதர்போர்டு?

பாளை:
மதர்போர்டு பாவம், அதன்மேல் ஏன் பழி? 450 வாட்டில் நல்லதாக ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள், போதும். யூபிஎஸ்ஸும் போடப் போகிறீர்கள் என்றால் இந்த எஸ்எம்பிஎஸ் மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கிற சர்க்யூட்) வைத்த எஸ்எம்பிஎஸ்ஸும் மலிவான யூபிஎஸ்ஸும் சில நேரம் ஒத்துப்போகாது.

திசையன்விளை:
பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெபாசிட்டரை மட்டும் மாத்தினா 50 ரூபாயில முடிஞ்சிரும்லா?

அம்பை எலக்ட்ரீஷியன்:
திறக்காதீர். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். முக்கூடல்காரருக்கு இன்னொன்று: எர்த் இல்லை என்றதும், பிளக் பாயிண்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒயரால் சேர்த்துவிட்டு "முடிஞ்சுது" என்பார்கள் சிலர். விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறும். தனியாகக் குழி வெட்டி எர்த் போடச் சொல்லுங்கள், கூடவே கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற ஒரு ஆர்சிசிபியும்.

முக்கூடல்காரன்:
எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டியாச்சு. பன்னிரண்டு நாளாக ஒரு முறை கூட அணையவில்லை. எர்த்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். அதுவரை ஆச்சி மேசைப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள், சுளவோடு திண்ணைக்குப் போய்விட்டாள்.