மறு: ரிங்க் வெப்பத்துக்கு ஒரு சொல்: ‘கழிவு வெப்பம்’ வேண்டாம், ‘இறைப்பு வெப்பம்’ சரிவருமா?

குழு உறவுகளுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. இடையில் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை ஒருமுறை சொல்லிவிட்டு, நான் முன்வைத்த ‘இறைப்பு வெப்பம்’ என்ற சொல்லுக்கு வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சமூக மையத்துக்குத் தமிழ் அறிவிப்புகள் எழுதிக் கொடுக்கிறேன். ஐஸ் ஹாக்கி ரிங்க்கும் (விளையாடுவதற்கான ஐஸ் தளம்) நீச்சல் குளமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ரிங்க்கைக் குளிர்விக்கும் இயந்திரம் இவ்வளவு காலமும் கூரை வழியாக வெளியே தள்ளிய வெப்பத்தை இனிக் குளத்துக்குத் திருப்பப் போகிறார்கள். அறிவிப்பில் நான் “கழிவு வெப்பத்தால் சூடாக்கப்படும் குளம்” என்று எழுதினேன். ஆங்கிலத்தில் ‘waste heat’ என்று இருந்ததை அப்படியே தமிழாக்கியதுதான்.

வரைவைப் பெரியம்மாவிடம் காட்டினேன். 76 வயது. முழங்கால் வலிக்காக வாரத்தில் இரண்டு நாள் அந்தக் குளத்தில் இறங்கி நடப்பவர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, கழிவு எண்டு போட்டிருக்கே, கக்கூஸ் தண்ணியோ இது?”

அவர் கேட்டதில் பிழையே இல்லை. வன்கூவரில் இரண்டும் உண்டு. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக வீரர்கள் தங்கக் கட்டிய ஃபால்ஸ் கிரீக் குடியிருப்புக்கு வரும் வெப்பத்தில் பெரும்பங்கு, கழிவுநீர்க் குழாயில் ஓடும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பது. அதே ஒலிம்பிக்கில் கர்லிங் நடந்த ஹில்கிரெஸ்ட் மையத்திலோ, ஐஸ் இயந்திரத்தின் வெப்பம் பக்கத்து நீச்சல் குளத்துக்குப் போகும்படி அமைத்தார்கள். முதலாவதைக் ‘கழிவுநீர் வெப்பம்’ என்றால் பொருள் தெளிவு. இரண்டாவதைக் ‘கழிவு வெப்பம்’ என்றால் பெரியம்மா மட்டுமல்ல, நானும் குழம்புவேன். ஒரு எழுத்துக்கூட்டு வித்தியாசத்தில் சாக்கடையும் ஐஸும் ஒன்றாகிவிடக் கூடாது.

சரி, அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? இதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சொல் கிடைத்தது.

ஐஸ் தளத்தின் தடிப்பு மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குள்தான். அதற்குக் கீழே கொங்கிரீட். கொங்கிரீட்டுக்குள் வரிசையாகக் குழாய்கள். பெரும்பாலான ரிங்க்குகளில் அந்தக் குழாய்களில் ஓடுவது கால்சியம் குளோரைடு கரைந்த உப்புநீர், பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு, ஒன்பது டிகிரியில். மேலேயிருந்து விளக்கு, கட்டடத்துக் காற்று, விளையாடும் பிள்ளைகளின் உடல்சூடு எல்லாம் தளத்துக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. ஐஸைச் சுரண்டிச் சமப்படுத்தும் சாம்போனி வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஊற்றும் தண்ணீர்கூடப் பல இடங்களில் 60 டிகிரிக்கு மேல் சூடானது. காலை ஆறு மணிப் பயிற்சிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனால், வண்டி போன தடத்தில் ஆவி எழும்புவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கலாம். அந்தச் சூடு முழுவதையும் உப்புநீர் கீழேயிருந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் அள்ளாமல் விட்டால் தளம் கரையத் தொடங்கிவிடும்.

அதாவது வெப்பம் அங்கே ஊறுகிறது. ஊறுவதை இறைக்கிறார்கள்.

எங்கள் அப்பாவின் ஊரில் செம்மண் தோட்டம். துலா (ஏற்றம்) மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நான் கண்டது இறைப்பு மிஷின். ஆனால் சொல் மாறவில்லை. “இண்டைக்கு இறைப்பு” என்றால் வீட்டில் எல்லோருக்கும் அன்றைய வேலை விளங்கும். இறைத்த நீரை யாரும் கழிவு என்று சொன்னதில்லை. அது வாய்க்காலில் ஓடி வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போகும் தண்ணீர். ரிங்க்கிலும் அதுவேதான். அடியிலிருந்து இறைத்த வெப்பம் குளத்துக்குப் போகலாம், குளிக்கும் அறைக்குப் போகலாம். தளத்துக்கு அடியில் மண் உறைந்து பொங்கிக் கொங்கிரீட்டை வெடிக்க வைக்காமல் இருக்க அங்கே ஓடும் சூட்டுக் குழாய்க்கும் போகலாம். ஆகவே ‘இறைப்பு வெப்பம்’.

இனி மறுப்புகள்.

> கொங்கு நாட்டில் இறவைப் பயிர், இறவைப் பாசனம் என்று ஏற்கெனவே இருக்கிறது. ‘இறவை வெப்பம்’ என்றால் என்ன?

கோவை ஐயா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒலியும் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கேட்டுப் பார்த்த யாழ்ப்பாணத்தாருக்கு ‘இறவை’ பழக்கமில்லை. ‘இறைப்பு’ தமிழ்நாட்டில் வாசிப்பவருக்கும் இறைத்தல் என்ற வினையிலிருந்து விளங்கிவிடும். இரண்டு கரையிலும் விளங்கும் சொல் என்பதால்தான் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

> ‘இறை வெப்பம்’ என்று சுருக்கினால் தெய்வ வெப்பம் ஆகிவிடுமே. வரி என்றும் பொருள் உண்டு.

உண்மை. அதனால்தான் சுருக்கக் கூடாது. ‘இறைப்பு’ என்று முழுமையாகவே நிற்கட்டும்.

> மீட்பு வெப்பம் போதாதா?

செயலுக்கு ‘வெப்ப மீட்பு’ இருக்கட்டும், நல்ல சொல். பொருளுக்கு அது ஒட்டவில்லை. கூரை வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும் வெப்பத்தை இன்னும் யாரும் மீட்கவில்லை, ஆனால் அதற்கும் ஒரு பெயர் வேண்டும். இறைத்தாயிற்று, வாய்க்கால்தான் இன்னும் வெட்டவில்லை என்று சொல்ல இறைப்பு வெப்பத்தில் இடம் இருக்கிறது.

குளிர்பதனத் துறையில் வேலை செய்யும் அக்கா எழுப்பிய மறுப்புத்தான் கனமானது. கிணற்றில் எவ்வளவு இறைக்கிறோமோ அவ்வளவுதான் மேலே வரும். ரிங்க்கில் அப்படி இல்லை. ஐஸிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, அதை எடுக்கக் கம்ப்ரஸர் செலவழித்த மின்சாரமும் வெப்பமாகிச் சேர்ந்து வெளியே வருகிறது. வெளியே வருவது எப்போதும் உள்ளே எடுத்ததைவிட அதிகம். இதை ஒத்துக்கொள்கிறேன். துலா மிதித்தவனின் வியர்வை வாய்க்கால் தண்ணீரைக் கூட்டவில்லை. ஆனால் இது சொல்லை உடைக்கும் குறை என்று நான் நினைக்கவில்லை. வரைவிலக்கணத்தில் “இறைத்த வெப்பமும் இறைக்கும் வேலையால் எழுந்த வெப்பமும் சேர்ந்தது” என்று ஒரு வரி போட்டால் தீரும். அக்கா, அந்த வரியை நீங்களே எழுதித் தருவீர்களா? உங்கள் கையால் வந்தால் நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

அவர் சொன்ன இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எல்லா இறைப்பு வெப்பமும் ஒரே சூடு இல்லை. அமோனியாவால் குளிர்விக்கும் இயந்திரத்தில் பெரும்பகுதி இளஞ்சூடாகத்தான் வரும். குளத்துக்கு அது உதவும், குளிக்கும் அறைக்கு இன்னும் ஏற்ற வேண்டும். கரியமில வாயுவால் குளிர்விக்கும் ரிங்க்குகளில் சுடச்சுடவே வரும். கியூபெக்கில் செயின்ட் ஜெடியோன் த போஸ் என்ற சிற்றூர் 2010இலேயே அப்படி ஒரு ரிங்க்கை அமைத்தது. ஆகவே ‘இளஞ்சூட்டு இறைப்பு வெப்பம்’, ‘உயர்சூட்டு இறைப்பு வெப்பம்’ என்று இரண்டு கிளைச் சொற்களும் தேவைப்படும்.

கடைசியாக, “கனடாவில் இல்லாத ஐஸா, வெளியே போய் விளையாட வேண்டியதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு சொல்லாராய்ச்சி” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, வெளியே ஐஸ் குறைந்துகொண்டு வருகிறது. ஒட்டாவாவின் ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருக்கிறது. 1970–71 குளிர்காலத்தில் தொடங்கியது. 2022–23இல் முதல் தடவையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் தண்ணீர் ஊற்றி ரிங்க் போடுகிறவர்கள் எந்தெந்த நாள் சறுக்க முடிந்தது என்று பதிவு செய்ய, வில்ஃப்ரிட் லோரியர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013இல் ‘ரிங்க்வாட்ச்’ என்று ஒரு தளம் தொடங்கினார்கள். வன்கூவர் ஒலிம்பிக்கிலேயே போட்டி நடந்த சைப்ரஸ் மலைக்கு லாரியிலும் ஹெலிகொப்டரிலும் பனி கொண்டுவந்து கொட்ட வேண்டி வந்தது. வெளியே ஐஸ் குறையக் குறையப் பிள்ளைகள் கூரைக்குள் வருகிறார்கள். கூரைக்குள் ஒவ்வொரு மணிநேர விளையாட்டுக்கும் மின்சாரம் செலவாகிறது. அந்தச் செலவில் வரும் வெப்பத்தைக் காற்றில் விடுவதா, குளத்தில் விடுவதா என்பது எங்கள் மையத்தின் கூட்டத்தில் தமிழ்ப் பெற்றோரும் கையுயர்த்திச் சொல்ல வேண்டிய கருத்து. அதைச் சொல்ல அவர்கள் கையில் ஒரு சொல் இருக்க வேண்டும்.

வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன்: “ஐஸ் தளத்திலிருந்து இறைக்கும் வெப்பம் இந்தக் குளத்து நீரைச் சூடாக்குகிறது. குளத்து நீர் வழமையான குழாய் நீரே.” இரண்டாவது வாக்கியம் பெரியம்மா சேர்க்கச் சொன்னது. தலைப்பில் மட்டும் ‘இறைப்பு வெப்பம்’ வரும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், திங்கள் அச்சுக்குப் போகிறது. இன்னொரு சொல்லும் தேவை. சாம்போனி சுரண்டி எடுத்துவரும் ஐஸ் தூளைக் கொட்டி, இதே வெப்பத்தால் கரைக்கும் தொட்டி ஒன்று ரிங்க்கின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் வெறுமனே ‘பிட்’ என்கிறார்கள். ‘கரைகிடங்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘கிடங்கு’ என்றால் தமிழ்நாட்டில் சரக்கு அறை என்று நினைப்பார்களோ என்று ஒரு தயக்கம். கோவை ஐயா, நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து