இயற்பியலில் பிஎச்டி: சேரலாமா, வேலைக்குப் போகலாமா?

மத்திகெரே அக்கா:
என் தங்கை மகள் எம்எஸ்சி இயற்பியல் முடித்து நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சிக்கான உதவித்தொகை) வாங்கியிருக்கிறாள். இங்கே பெங்களூரில் பிஎச்டிக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஒரு ஐடி கம்பெனியில் வேலையும் கிடைத்திருக்கிறது. எதில் சேரச் சொல்வது?

முன்னாள் ஆய்வாளர்:
வேலைக்கு அனுப்புங்கள் அக்கா. பிஎச்டியில் உதவித்தொகை முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த 3 வருடம் 42,000. வீட்டு வாடகைப்படியை விட்டுவிட்டால் 5 வருடத்துக்கு மொத்தம் 24 லட்சம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கிவிடும். அப்புறம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில், ஒன்றிரண்டு வருட ஒப்பந்தங்களாக. ஐஐடியில் முதல்நிலை உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 1,01,500 ரூபாய், ஆனால் பிஎச்டிக்குப் பிறகு 3 வருட அனுபவம் கேட்பார்கள். கல்லூரி வேலைக்கோ 2023 ஜூலையிலிருந்து பிஎச்டி இல்லாமல் நெட் தேர்ச்சி இருந்தாலே போதும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. ஜேஆர்எஃப் வாங்கிவிட்டதால் அந்தத் தகுதி அவளிடம் இப்போதே இருக்கிறது!

லேசர் லேப்:
பேராசிரியர் வேலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும். எங்கள் லேபில் முடித்தவர்களில் பலர் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். வேக்குவம் சிஸ்டம் (வெற்றிடக் கருவி), தின் ஃபிலிம் (மெல்லிய படலம்), ஆப்டிக்ஸ் (ஒளியியல்) என்று கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களை சிப் தயாரிப்புக் கருவி செய்யும் கம்பெனிகள் தேடுகின்றன. 2023 ஏப்ரலில் மத்திய அரசு 6,003 கோடி ரூபாய்க்கு தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்தது. குவாண்டம் கணினிக்கான மையம் நம்ம பெங்களூர் ஐஐஎஸ்சியில்தான் (இந்திய அறிவியல் கழகம்) இருக்கிறது. அக்கா, அவள் எடுப்பது எக்ஸ்பெரிமென்டா, தியரியா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

முன்னாள் ஆய்வாளர்:
அந்தத் திட்டம் 2030-31 வரைதான். இவள் பிஎச்டி முடிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். அந்த வருடம் வேலை இருக்கும் என்று யார் உறுதி கொடுப்பது?

தியரி மாணவி:
தியரி என்றால் வேலையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் சீனியர்கள் டேட்டா சயன்ஸிலும் வங்கிகளின் ரிஸ்க் பிரிவிலும் இருக்கிறார்கள். ஆனால் பிஎச்டி இருப்பதற்காக அங்கே எல்லோருக்கும் சம்பளம் கூட்டித் தரவில்லை. இன்னொன்று, உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதும் உண்டு, வாடகைக்குக் கையிருப்பு வேண்டும். எனக்கு இந்தப் படிப்பு உயிர். இருந்தாலும் வீட்டில் கடன் இருந்திருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன்.

மத்திகெரே அக்கா:
கடன் எதுவும் இல்லை. எக்ஸ்பெரிமென்ட்தான், செமிகண்டக்டர் பக்கம். கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

லேசர் லேப்:
அப்படியானால் தைரியமாகச் சேரட்டும். அதற்குமுன் அந்த கைடிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று லேபிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள்.

முன்னாள் ஆய்வாளர்:
முடிக்க எத்தனை வருடம் ஆனது, பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். ஐந்து என்று சொல்லி ஏழு வருடம் இழுக்கும் லேப் என்றால் நான் சொன்ன பதில்தான்.