நெவாடாவில் கடைக்குள் ஸ்லாட் மெஷின்: உரிமம் யார் பெயரில்?

கேள்வி: லாஸ் வேகாஸில் கடை வாங்கப் போகிறோம். உள்ளே சில ஸ்லாட் மெஷின்கள் (பணம் போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்கள்) ஓடுகின்றன. உரிமம் நம் பெயருக்கு மாறிவிடுமா? ஊழியர்களுக்கும் பதிவு வேண்டுமா?

பதில் 1: மாறாது. உரிமம் கடையோடு வரும் சொத்து அல்ல, ஆளுக்குத் தரப்படும் சலுகை. உரிமம் தேவைப்பட்டால் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 15 மெஷின் வரை, வேறு சூதாட்டம் இல்லையென்றால் 'ரெஸ்ட்ரிக்டட்' (வரையறுக்கப்பட்ட) வகை உரிமம். மாநிலச் சூதாட்ட அமைப்புகளில் கேமிங் கண்ட்ரோல் போர்டு விசாரித்துப் பரிந்துரைக்கும், கேமிங் கமிஷன் முடிவெடுக்கும். தகுதியை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, விசாரணைச் செலவும்தான். முதலீட்டுப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். உறவினர் கைமாற்றாகக் கொடுத்திருந்தாலும் வங்கித் தாள், கடன் பத்திரம் கேட்பார்கள். பழைய வழக்கை மறைப்பது அந்த வழக்கைவிடப் பெரிய கெடுதல்.

பதில் 2: மெஷின்களுக்கான ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். மெஷின்களை ரூட் ஆபரேட்டர் (பிறர் கடைகளில் மெஷின் வைத்து நடத்தும் உரிமம் பெற்ற நிறுவனம்) வைத்து, உங்களுக்கு மாத வாடகை மட்டும் நிலையாகத் தந்தால் உங்களுக்குச் சூதாட்ட உரிமம் தேவைப்படாது. வருமானத்தில் ஒரு சதவீதம் வாங்கினாலும் உரிமம் கட்டாயம். இதை அறியாமல் கையெழுத்துப் போடுவது ஆபத்து. மாநில உரிமம் போதாது, உள்ளூர் உரிமம் தனி.

பதில் 3: ஊழியர் விஷயம்: கேமிங் (சூதாட்ட) ஊழியர் என்ற வரையறைக்குள் வருபவர் 21 வயது நிரம்பி, கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும், பதிவு 5 ஆண்டு செல்லும். உணவு, மது பரிமாறுவது மட்டும் வேலையென்றால் இது பொருந்தாது.

கேட்டவர்: நன்றி. ஒப்பந்தத்தில் சதவீதம்தான் போட்டிருக்கிறது. வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே முன்பணம் தருகிறோம்.