ஸ்கிசோஃப்ரினியாவில் என்எல்ஆர்: பழைய சிபிசி ரிப்போர்ட்டை வைத்து தீசிஸ் செய்யலாமா?

பிஜி_மனநலம்:
ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளில் நியூட்ரோபில்-லிம்ஃபோசைட் விகிதம்தான் (என்எல்ஆர்) என் தீசிஸ் தலைப்பு. இரண்டும் வெள்ளணு வகைகள்; அழற்சியில் இந்த விகிதம் ஏறும். அட்மிஷன் அன்று எடுத்த சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) எல்லா கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது. சிஆர்பி (அழற்சியில் ஏறும் ரத்தப் புரதம்) பாதிப் பேருக்குத்தான் உண்டு, அதிலும் பல "5க்குக் கீழ்" என்றே வந்திருக்கிறது. கன்ட்ரோலுக்கு (ஒப்பிடுவதற்கான நோயில்லாத குழு) ரத்ததானம் செய்ய வந்தவர்களை எடுக்கலாமா? யாரை விலக்க வேண்டும்?

லேப்_பக்கம்:
முதலில் சிபிசி எந்த மெஷினில் ஓடியது என்று பாருங்கள். வெள்ளணுவை மூன்று வகையாக மட்டும் பிரிக்கும் 3-பார்ட் மெஷின் நியூட்ரோபில்லைத் தனியாகக் காட்டாமல் கிரானுலோசைட் என்று மொத்தமாகத்தான் தரும். சில மெஷின்களில் அதில் ஈஸினோஃபில்லும் (இன்னொரு வெள்ளணு வகை) சேர்ந்துவிடலாம். பூச்சித் தொல்லையோ அலர்ஜியோ உள்ளவருக்கு அப்போது விகிதம் பொய்யாக ஏறும். ஐந்து வகையையும் தனித்தனியாக எண்ணும் 5-பார்ட் ரிப்போர்ட்டை மட்டும் எடுங்கள்.

கையால் 100 செல் எண்ணிய டிஃபரென்ஷியல் (வெள்ளணு வகைகளின் சதவீதம்) வேண்டவே வேண்டாம். லிம்ஃபோசைட் 24% என்று எழுதியிருந்தால், உண்மை 16 முதல் 33 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நியூட்ரோபில் 68% என்றால் விகிதம் 68/24, அதாவது 2.83; அந்த 24 கொஞ்சம் ஆடினாலே உங்கள் இரண்டு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போகும்.

ராத்திரி எடுத்த ஊதா மூடி டியூப் காலை வரை மேஜையில் கிடந்திருந்தால் அதுவும் சந்தேகம்தான். ரத்தம் எடுத்த நேரம், மெஷினில் ஓட்டிய நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"5க்குக் கீழ்" என்பதை 0 என்றோ 5 என்றோ எக்செலில் போடாதீர்கள். சிஆர்பியைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்க உங்களுக்கு வேண்டிய 1, 3 மி.கி./லி. எல்லைகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. அதற்கு எச்எஸ்-சிஆர்பி (மிகக் குறைந்த அளவையும் அளக்கும் சிஆர்பி சோதனை) தேவை.

வார்டு_ரவுண்ட்ஸ்:
லேப் சரியாக இருந்தாலும் அட்மிஷன் நாள் மோசமான நாள். ஆர்ப்பாட்டம் செய்து, நாலு பேர் பிடித்துக் கொண்டுவந்தவருக்கு அட்ரினலின் நியூட்ரோபில்லை ஏற்றும், கார்டிசால் லிம்ஃபோசைட்டை இறக்கும். அதை நோயின் அழற்சி என்று எழுதிவிடுவோம்.

புகை, பீடி விவரம் இல்லாத கேஸ் ஷீட்டை ஒதுக்குங்கள். புகைத்தால் வெள்ளணு கூடும். உடல் எடையும் அப்படித்தான், சிஆர்பியை அது தனியாகவே ஏற்றும். ஸ்டீராய்டு, லித்தியம் நியூட்ரோபில்லைக் கூட்டும், கார்பமாசெபின் குறைக்கும். கருத்தடை மாத்திரை சிஆர்பியை ஏற்றும், ஸ்டாட்டின் இறக்கும். இதுவரை மருந்தே சாப்பிடாத முதல் எபிசோடு நோயாளிகள் 40 பேர் கிடைத்தால், கலவையான 200 பேரைவிட அது மேல்.

ரத்ததானக்காரர்கள் சரிப்படாது. காய்ச்சல், சர்க்கரை என்று வடிகட்டி எடுத்த ஆட்கள். யாரை ஒப்பிட்டாலும் அவர்களுக்குக் குறைவாகத்தான் வரும். வயது, புகை, எடை பொருந்தும் ஆட்களைத் தேடுங்கள்.

பிஜி_மனநலம்:
நன்றி சார். அப்படியானால் சிஆர்பியை வைத்து சிகிச்சையை முடிவு செய்வது பற்றி எழுதலாமா?

வார்டு_ரவுண்ட்ஸ்:
அளவோடு. மனச்சோர்வில் 2013இல் வந்த இன்ஃப்ளிக்ஸிமாப் (அழற்சியை அடக்கும் மருந்து) ஆய்வில் 60 பேர். மொத்தமாகப் பார்த்தால் பிளாசிபோவைவிட (போலி மருந்து) மேல் இல்லை. ஆரம்ப சிஆர்பி 5 மி.கி./லி.க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. இதை ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது.

சிஆர்பி 10க்கு மேல் வந்தால் முதலில் பல், சிறுநீர், நெஞ்சு என்று தொற்றைத் தேடுங்கள். 2 வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். குளோசபின் (ஸ்கிசோஃப்ரினியா மருந்து) தொடங்கி முதல் 4 வாரத்தில் இருப்பவருக்கு 100ஐத் தாண்டினால் தீசிஸை மறந்துவிட்டு அன்றே ட்ரோபோனின் (இதயச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஈசிஜி எடுத்து கார்டியாலஜியைக் கூப்பிடுங்கள். மயோகார்டைட்டிஸாக (இதயத்தசை அழற்சி) இருக்கலாம். தொற்றுக் காய்ச்சலாகவே இருந்தாலும் டோஸை ஏற்றாதீர்கள்; அழற்சி நேரத்தில் ரத்தத்தில் குளோசபின் அளவு தானாகவே கூடும்.