வீட்டு சிமுலேட்டரில் ஓட்டுவது விமானம் ஓட்டுவதில் சேருமா?

கீழ்வானம்:
இன்னொரு இழையில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்: "கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்), பெடல் என்று காசைக் கொட்டிவிட்டு, கடைசியில் ஆட்டோபைலட்டைப் போட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?" அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழை.

ஆட்டோபைலட் போட்ட பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. ஃப்ளைபைவயர் குழு சிமுலேட்டருக்கு இலவசமாகத் தருகிற ஏ320 பயணிகள் விமானத்தை எடுத்துக்கொண்டு கொழும்பிலிருந்து சென்னைக்கு வாருங்கள். 34,000 அடியில் இருக்கிறீர்கள். எங்கே இறங்கத் தொடங்குவது? ஆயிரம் அடிக்கு மூன்று மைல் கணக்கில் 102 நாட்டிக்கல் மைல். வேகத்தைக் குறைக்க மேலும் பத்து. பின்காற்று இருந்தால் இன்னும் முன்னாடியே. பாதி இறங்கியபின் ஓடுபாதை 07 என்பது 25 என்று மாறினால், அதாவது அதே பாதையில் எதிர்த்திசையில் இறங்கச் சொன்னால், கடல் பக்கம் போய்த் திரும்ப வேண்டும், கணக்கு மொத்தமும் மாறிவிடும். கடைசி மூன்று டிகிரிச் சரிவில் தரைவேகம் 140 நாட் (மணிக்கு 140 நாட்டிக்கல் மைல்) என்றால் ஐந்தால் பெருக்கி நிமிடத்துக்கு 700 அடி. நிஜ விமானிகளும் மனதில் போடும் கணக்கு இதுதான். இந்தக் கணக்கு கச்சிதமாக வந்து விழும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகத்தான் நான் உட்காருகிறேன்.

வலது ரட்டர்:
நான் இப்போ செஸ்னா 172-ங்கற சின்ன விமானத்துல பயிற்சி எடுத்துட்டிருக்கேன். சிம்ல பல வருஷம் ஓட்டிட்டுதான் அங்க போனேன். அதனாலேயே சொல்றேன், நீங்க செய்றது விமானத்தை நிர்வாகம் பண்றது. ஓட்டுறது வேற.

டிரிம்மை எடுத்துக்குங்க. நிஜத்துல வேகம் மாறினதும் யோக் கையை இழுக்கும், இல்லேன்னா தள்ளும். அந்த அழுத்தம் சுத்தமா மறையுற வரைக்கும் டிரிம் சக்கரத்தை உருட்டணும், அப்புறம் கையை எடுத்தாலும் மூக்கு நின்ன இடத்துல நிக்கும். அங்க கைதான் சேதி சொல்லும். வீட்டு யோக்குக்குள்ள இருக்கறது ஸ்பிரிங். 60 நாட்லயும் 110 நாட்லயும் அது ஒரே மாதிரிதான் எதிர்க்கும். டிரிம் போட்டது சரியான்னு திரையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கண். திரையில ஜன்னல் சின்னது, அதனால கருவிகளையே வெறிச்சுப் பார்த்துப் பழகிடுது. என் பயிற்றுநர் ஒரு காகிதத்தை எடுத்து வேகமானியை மூடிட்டார். தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே மூக்கு நிக்குது, இன்ஜின் சத்தம் எப்படி இருக்கு, அதை வெச்சு ஓட்டுன்னார். சிம் பழக்கம் முழுக்க இதுக்கு நேரெதிர்.

கீழ்வானம்:
டிரிம் பற்றி நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை, சகோதரி. ஆனால் கைக்குத் தெரிவது மட்டும்தான் பறத்தல் என்றால் மேகத்துக்குள் என்ன செய்வீர்கள்? அங்கே உடம்பு பொய் சொல்லும். நேராகப் போகும்போதே சாய்ந்திருப்பதாக உள்காது சொல்லும். அப்போது கருவிகளை மட்டும் நம்பத் தெரியவேண்டும்.

சிமுலேட்டர் முதலில் வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். ஆர்கன் செய்யும் குடும்பத்தில் வந்த எட்வின் லிங்க், 1929-ல் காற்றுத் துருத்திகளை வைத்துத் தன் பயிற்சிப் பொறியைச் செய்தார். பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு தபால் சுமக்கும் வேலையை ஏற்று, மோசமான வானிலையில் விமானிகளை வரிசையாகப் பறிகொடுத்தது. அதன் பிறகே அந்தப் பொறியில் ஆறு வாங்கினார்கள். அந்த மரப்பெட்டி ஆகாயத்தில் இருப்பது போலவா இருந்திருக்கும்? இல்லை. ஆனாலும் கருவி பார்த்து ஓட்டக் கற்றுக்கொடுத்தது. இன்றைக்கும் அமெரிக்காவின் விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏ, தான் அங்கீகரித்த மேம்பட்ட பயிற்சிக் கருவியில் ஓட்டியதை இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) 20 மணி நேரம் வரை கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

வலது ரட்டர்:
அங்கீகரிச்ச கருவி, கூடவே பயிற்றுநர். அந்த ரெண்டையும் விட்டுட்டு 20 மணியை மட்டும் எடுத்துக்கிட்டா எப்படிண்ணே? இந்தியாவுல பிபிஎல்லுக்கு (தனியார் விமானி உரிமம்) 40 மணி, சிபிஎல்லுக்கு (வணிக விமானி உரிமம்) 200 மணி பறக்கணும். வீட்டு மேஜையில ஓட்டினது ஒரு நிமிஷம்கூட லாக்புக்ல, அதாவது பறந்த நேரத்தைப் பதியற புத்தகத்துல, ஏறாது.

இன்னொண்ணு, வீட்டுல திகைப்பே கிடையாது. 2009 ஜனவரி 15, நியூயார்க்குல ஹட்சன் ஆத்துல இறங்கின ஏ320 ஞாபகம் இருக்கும். பறவைக் கூட்டம் மோதி ரெண்டு இன்ஜினும் போச்சு, 155 பேரும் பிழைச்சாங்க. விசாரணையில அதை சிமுலேட்டர்ல திரும்ப ஓட்டிப் பார்த்தப்போ, மோதின உடனே திரும்பினவங்கள்ல சிலர், அது கிளம்பின லாகார்டியா விமான நிலையத்தோட ஓடுபாதையைத் தொட்டாங்க. என்ன நடந்ததுன்னு புரிஞ்சுக்க மனுஷனுக்கு ஆகுற நேரம்னு 35 விநாடியைச் சேர்த்ததும் முடியல. அது பெரிய தொழில்முறை சிமுலேட்டர். அங்கேயே நிலைமை இதுன்னா, நடுவுல நிறுத்திவைக்கற பாஸ் (pause) பொத்தான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கற நம்ம மேஜையில என்ன பழகிடப் போறோம்?

புதுவரவு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பழைய லேப்டாப்பும் கீபோர்டும்தான் இருக்கு. ஆரம்பிக்கலாமா?

தாழப்பறப்பவன்:
தாராளமா, தம்பி. ஃப்ளைட்கியர்னு ஒரு சிமுலேட்டர் இருக்கு, அதை இறக்கிக்குங்க. 1997-லேர்ந்து தன்னார்வலர்கள் வளர்க்கறது, காசே இல்லை. ஒரு சாதா ஜாய்ஸ்டிக் மட்டும் சீக்கிரம் வாங்கிடுங்க, கீபோர்டுல லேண்டிங் வெறுத்துடும்.

இப்போ பெரியவங்க சண்டைக்கு வர்றேன். ஒருத்தர் கணக்கு சரியா வரணும்ங்கறார், இன்னொருத்தர் லாக்புக்ல ஏறணும்ங்கறார். ரெண்டு பேருமே இதுக்கு வெளியில இருந்து ஒரு சர்டிஃபிகேட் தேடுறீங்க. எதுக்கு?

நான் ஹாங்காங்கோட பழைய கை டக் விமான நிலையத்துல, ஓடுபாதை 13-ல இறங்கிப் பார்க்கறவன். அந்த நிலையத்தை 1998 ஜூலை 6-ல மூடிட்டாங்க. நிஜத்துல இனி எவ்வளவு பெரிய கேப்டனும் அங்க இறங்க முடியாது. கருவிச் சமிக்ஞை உங்களை ஓடுபாதைக்குக் கொண்டுபோகாது, சிவப்பு வெள்ளைக் கட்டம் பூசின மலையை நோக்கித்தான் கூட்டிட்டுப் போகும். கட்டத்தைக் கண்ணால பார்த்ததும் ஆட்டோபைலட்டை எடுத்துட்டு, வலதுபக்கம் 47 டிகிரி, தாழ்வா, கௌலூன் மாடிகளுக்கு மேல கையாலேயே திரும்பணும். திரும்பி முடிக்கும்போது ஓடுபாதை முன்னால வந்து நிக்கும். குறுக்குக் காற்று இருந்தா அந்தத் திருப்பத்துல அகலமா வெளிய தள்ளிடும், அதை முன்கூட்டியே கணிச்சு சாய்க்கணும். கருவியையே பார்த்துட்டிருந்தா இங்க இறங்கவே முடியாது, வலது ரட்டர். சிம் கண்ணைக் கெடுக்குதுன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. எதை ஓட்டுறோம்ங்கறதைப் பொறுத்தது அது.

சிகாகோ மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையமும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் சிம்மைத் திறந்தா பல வருஷம் நாம முதல்ல நின்ன ஓடுபாதை அது. 2003 மார்ச்சுல மேயர் உத்தரவுல ராத்திரியோட ராத்திரியா புல்டோசர் விட்டு அதைக் கிழிச்சாங்க. அது இன்னைக்கும் பறக்கக் கிடைக்கறது சிம்ல மட்டும்தான். இந்த இடங்களை உயிரோட வெச்சிருக்கறதுக்காகவே இந்தப் பொழுதுபோக்கை நான் மதிக்கறேன்.

கீழ்வானம்:
கை டக்கில் காற்றைக் கணிக்கிறீர்களே, அதுவும் கணக்குதான்!

பாஸ் பொத்தானுக்கு வருகிறேன். சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் ஒன்றாகப் பறக்கும் இணைய வலையமைப்பான வாட்சிம் 2001-லிருந்து இருக்கிறது. விமானங்களுக்கு வழி சொல்லும் கண்ட்ரோலர் இடத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் சம்பளமில்லாமல். அவர் உயரம், திசை, வேகம், அலைவரிசை நான்கையும் ஒரே மூச்சில் சொல்வார். நீங்கள் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னால் நான்கு விமானங்கள் வரிசையில் வரும்போது நிறுத்திவைக்க முடியாது. முதல் அழைப்பில் பலருக்குக் குரல் நடுங்கும். திகைப்பு இல்லை என்கிறீர்களே, இது என்ன?

வலது ரட்டர்:
ரேடியோ விஷயத்துல முழுசா ஒத்துக்கறேன். எங்க பேட்சுல அதுல தடுமாறாதவங்க சிம்ல ஓட்டிப் பழகினவங்கதான். ஆனா அது பதற்றம். இன்ஜின் போனா வர்ற திகைப்பு வேற.

பேசிட்டே இருக்க வேணாம். கீழ்வானம் அண்ணே, ஏ320-ஐ ஓரமா வெச்சுட்டு 172 எடுங்க. திருச்சி ஓடுபாதை 27, குறுக்குக் காற்று 10 நாட். வேகமானியை ஒரு துண்டுக் காகிதத்தால மூடிடுங்க. ஃபைனல்ல, அதாவது ஓடுபாதைக்கு நேரா இறங்கற கடைசிக் கட்டத்துல, 65 நாட் பிடிக்கணும், கருவியைப் பார்க்காம. பாஸ் கிடையாது. ரீப்ளேல வேகத்தோட போடுங்க, ஐஞ்சு நாட்டுக்கு மேல விலகினா நான் சொன்னது நிக்குது.

கீழ்வானம்:
சரி. பதிலுக்கு நீங்கள் அதே 172-ல் சென்னை ஓடுபாதை 07-க்கு ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞை) வைத்து இறங்குங்கள். மேகத்தளம் 300 அடி, ஆட்டோபைலட் இல்லை, இறங்குவதா வேண்டாமா என்று 200 அடியில் முடிவெடுக்க வேண்டும். ஐஎல்எஸ் கருவியின் ரெண்டு ஊசியும் முழு அளவில் கால் பங்குக்கு மேல் விலகக் கூடாது. ஞாயிறு இரவுக்குள் இருவர் பதிவும் இங்கே வரட்டும்.

தாழப்பறப்பவன்:
ரெண்டையும் நான் பார்த்து மார்க் போடறேன். காற்று அளவைப் பதிவுலயே தெரியற மாதிரி வைங்க.