ஒரு சதவீத வேட்பாளருக்கு வேலை செய்யலாமா? விசாவில் இருப்பவர் கேட்ட கேள்வியும் பதில்களும்

கேள்வி:

வணக்கம். நியூ ஹாம்ப்ஷர் மாநிலம் நாஷுவாவுக்கு வந்து சில மாசம்தான் ஆகுது. எனக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கு என்னைச் சார்ந்து வர்ற எச்-4 விசா. ஜனாதிபதி தேர்தல் பிரைமரிக்காக (கட்சிகள் தங்களோட வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கிற முதல்கட்ட ஓட்டு) இங்க இப்பவே ஆட்கள் வந்துபோக ஆரம்பிச்சிட்டாங்க. பக்கத்து நூலகத்துல ஒருத்தர் பேசினார். மொத்தமே முப்பது பேர்தான் இருந்திருப்போம், ஆனா கேட்ட கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொன்னார். பிடிச்சுப்போச்சு. கருத்துக்கணிப்புல அவருக்கு ஒரு சதவீதம்கூட இல்ல. பத்து டாலர் அனுப்பலாமா, அவர் பேர் போட்ட தொப்பி வாங்கலாமா, கூடப் போய் வேலை பார்க்கலாமா? ஆபீஸ்ல ஒருத்தர், "வம்பு எதுக்கு, விசா போயிடும்"ங்கிறார்.

பதில் (மான்செஸ்டர், நியூ ஹாம்ப்ஷர்):

தம்பி, ஆபீஸ்காரர் சொன்னது பாதிதான் சரி. பணம் கூடாது, உழைப்பு கூடும்.

அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் தர உரிமை உள்ளவங்க குடிமக்களும் கிரீன் கார்டு வாங்கினவங்களும் மட்டும்தான். எச்-1பி, எச்-4, எல்-1 (கம்பெனி மாற்றல்), எஃப்-1 (மாணவர்) எந்த விசாவா இருந்தாலும் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. ஜனாதிபதி தேர்தல்ல ஆரம்பிச்சு ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தல் வரைக்கும் இதே சட்டம். தொப்பிக்கும் அதே கதிதான். வேட்பாளரோட பிரசாரக் கடையில வாங்கினா முழு விலையும் நன்கொடைன்னுதான் கணக்குல ஏறும். சும்மா கொடுக்கிற ஸ்டிக்கரை ஒட்டிக்கோங்க. கிரீன் கார்டு வச்சிருக்கிற நண்பர்கிட்ட காசைக் கொடுத்து "உங்க பேர்ல போட்டுடுங்க"ன்னு சொல்ற யோசனையும் வேண்டாம். பிறர் பேர்ல நன்கொடை தர்றது தனிக் குற்றம், அவரும் சேர்ந்து மாட்டுவார்.

சம்பளம் வாங்காம வேலை பார்க்கிறதுக்குத் தடை இல்ல. கதவு தட்டலாம், போன் பண்ணலாம், கூட்டத்துக்கு நாற்காலி போடலாம். ஆனா பயணப்படி, பகுதிநேர வேலைன்னு யாராவது கவர் நீட்டினா வாங்காதீங்க, உங்க விசா உங்க கம்பெனி வேலைக்கு மட்டும்தான். அதோட, எவ்வளவு செலவு பண்றது, எந்த விளம்பரத்துக்குப் பணம் போடுறதுன்னு முடிவெடுக்கிற இடத்துல வெளிநாட்டவர் இருக்கக்கூடாது. பெரிய வேட்பாளர்கிட்ட இந்தப் பிரச்சினையே வராது, உங்களை அந்த அறைக்குள்ள விடமாட்டாங்க. சின்ன வேட்பாளர்கிட்ட ஆளே கிடையாது. கொஞ்ச நாள் ஒழுங்கா வந்து போனா "நாஷுவாவை நீயே பார்த்துக்கப்பா"ன்னு சாவியைக் கையில கொடுத்துடுவாங்க. அப்பவே சொல்லிடுங்க, செலவு முடிவு எதுலயும் நான் இல்லைன்னு.

ஓட்டு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போற இடத்துல பல மாநிலங்கள்ல வாக்காளராப் பதிஞ்சுக்கிறீங்களான்னு ஒரு கட்டம் இருக்கும், கவுன்டர்ல இருக்கிறவங்களும் பழக்கத்துல கேட்பாங்க. கட்டத்தைத் தொடாதீங்க. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது "எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா"ன்னு நேரடியாவே கேள்வி இருக்கு. கிரீன் கார்டு வச்சிருக்கிறவங்களும் நாடு கடத்தப்படுற அளவுக்குப் போகிற விஷயம் இது.

ஒரு சதவீத ஆளுக்கு உழைச்சு என்ன பிரயோஜனம்? உங்க மாநிலத்தோட சரித்திரத்தைப் பாருங்க. 1968ல செனட்டர் யூஜின் மெக்கார்த்தி வியட்நாம் போரை எதிர்த்து, பதவியில இருந்த சொந்தக் கட்சி ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்கு எதிரா இங்க பிரைமரியில நின்னார். வெளியூர்க் கல்லூரிப் பசங்க முடிவெட்டி, தாடி மழிச்சு, வீடு வீடாப் போனாங்க. மெக்கார்த்தி ஜெயிக்கல, 42 சதவீதம்தான். ஜான்சனுக்கு 49. ஆனா அதே மாசக் கடைசியில ஜான்சன் "மறுபடி போட்டியிடமாட்டேன்"னு அறிவிச்சார். 1976ல ஜிம்மி கார்ட்டர்னா யாருன்னே ஜார்ஜியாவைத் தாண்டித் தெரியாது. அயோவா மாநிலக் காக்கஸ்ல (கட்சிக்காரங்க கூட்டமாக் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற முறை) முதலிடம் எந்த வேட்பாளருக்கும் இல்ல, "யாருக்கும் உறுதி தரவில்லை"ங்கிறதுக்குத்தான். அடுத்தபடியா கார்ட்டர். அவருக்காக ஜார்ஜியாக்காரங்க ஒரு கூட்டம் நியூ ஹாம்ப்ஷர் பனியில வந்து கதவு தட்டினாங்க. அவர் கடலை விவசாயிங்கிறதால அதுக்கு "கடலைப் படை"ன்னு பேர். அந்த வருஷமே அவர் ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்சார்.

இதை வச்சு உங்க ஆளும் ஜெயிச்சுடுவார்னு நினைச்சுடாதீங்க. பெரும்பாலானவங்க நியூ ஹாம்ப்ஷரைத் தாண்டுறதே இல்ல. ஜனநாயகக் கட்சியில பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டுல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுறவங்க) கிடைக்க 15 சதவீத ஓட்டு வேணும், அதுக்குக் கீழ எவ்வளவு உழைப்பு இருந்தாலும் கணக்குல சைபர். 2020ல ஆண்ட்ரூ யாங் மாசம் ஆயிரம் டாலர் எல்லாருக்கும்னு சொல்லி இளைஞர்களைத் திரட்டினார், இங்க ஓட்டு எண்ணின ராத்திரியே விலகிட்டார். 2024ல விவேக் ராமசாமி அயோவால நாலாவது, 8 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழ, அன்னிக்கு ராத்திரியே வெளியேறினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம்னு நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரே கொண்டாட்டமா இருந்துச்சு. பேர் நம்ம பேரா இருக்குன்னு மட்டும் ஒருத்தர் பின்னாடி போறது எனக்கு ஒப்பாத விஷயம், கொள்கையைப் படிங்க.

ஒரு டாலர் கேட்டு நச்சரிப்பாங்க, அதுக்கும் தயாரா இருங்க. 2019ல ஜனநாயகக் கட்சி விவாத மேடைக்கு 65,000 தனித்தனி நன்கொடையாளர்கள், இல்லேன்னா மூணு கருத்துக்கணிப்புல 1 சதவீதம்னு அளவுகோல் வச்சாங்க. 2023ல குடியரசுக் கட்சி 40,000 பேர் வேணும்னது. அந்தக் கட்சியில போட்டியிட்ட டக் பர்கம் ஒரு டாலர் அனுப்பினவங்களுக்கு இருபது டாலர் பரிசு அட்டை கொடுத்தே அந்த எண்ணிக்கையை எட்டினார்! சின்ன வேட்பாளருக்கு உங்க டாலரைவிட நன்கொடையாளர் எண்ணிக்கையில உங்க தலைதான் முக்கியம். தொண்டர் அலுவலகத்துல யாராவது கேட்டா, "சட்டப்படி என்னால முடியாது"ன்னு ஒரு வரி போதும்.

கதவு தட்டுறதுல சில நடைமுறை. கைபேசிச் செயலியில வீடுகளோட பட்டியல் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணிலிருந்து அஞ்சு வரைக்கும் எண் போடணும், ஒண்ணுன்னா நம்ம பக்கம் உறுதி, அஞ்சுன்னா எதிர்ப்பு. அஞ்சை மாத்தப் போராடாதீங்க, மூணுதான் உங்க நேரத்துக்கு மதிப்பு. ஆள் இல்லாத வீட்டுல துண்டறிக்கையைக் கதவுப் பிடியில செருகுங்க. தபால் பெட்டிக்குள்ள போடாதீங்க, தபால்தலை ஒட்டாத எதையும் அதுல போடுறது சட்டவிரோதம். "நீ இந்த நாட்டுக்காரனா"ன்னு கேட்டா மழுப்பாதீங்க. "எனக்கு ஓட்டு இல்ல, உங்களுக்கு இருக்கு, அதான் உங்களைத் தேடி வந்தேன்"னு சொல்லிப் பாருங்க, பல பேர் கதவை இன்னும் கொஞ்சம் திறப்பாங்க. இந்த ஊர்க்காரங்க வேட்பாளரை நேர்ல பார்த்துக் கேள்வி கேட்டுப் பழகினவங்க, ஒரு தொண்டன் உச்சரிப்புக்காக முகம் சுளிக்கமாட்டாங்க.

பதில் (நியூயார்க், ஓர் அக்கா):

மேல சொன்னதெல்லாம் சரி. சமீபத்துல குடியுரிமை வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். பிரைமரியில ஓட்டுப் போட எங்க மாநிலத்துல கட்சியில பதிஞ்சிருக்கணும். 2016 ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சி மாத்திக்கக் கடைசி நாள் 2015 அக்டோபர்லயே முடிஞ்சுபோச்சு. ஜனநாயகக் கட்சியில போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸோட ஆதரவாளர்கள் ஏகப்பட்ட பேர் ஓட்டுப் போட முடியாம நின்னாங்க. டிரம்போட சொந்தப் பிள்ளைங்க இவான்காவும் எரிக்கும்கூட அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியல! இப்ப அவ்வளவு முன்னாடி இல்லைன்னாலும் தேதியை மாநிலத் தேர்தல் தளத்துல பார்த்துக்கோங்க.

தம்பி இருக்கிற நியூ ஹாம்ப்ஷர்ல எந்தக் கட்சியிலயும் சேராதவங்க ரெண்டுல எந்தக் கட்சியோட வாக்குச்சீட்டும் கேட்டு வாங்கலாம், அன்னிக்கே பதிவும் பண்ணிக்கலாம். கதவு தட்டும்போது இதைச் சொல்லுங்க, நிறைய பேருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவுல சுயேச்சைன்னு நினைச்சு "அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்"ங்கிற கட்சியில டிக் பண்ணிட்டு முழிக்கிறவங்க இருக்காங்க, அது தனிக் கட்சி.

கிரீன் கார்டு வச்சிருக்கிறவங்க பணம் அனுப்பலாம், ஓட்டு மட்டும் கிடையாது. 200 டாலரைத் தாண்டினா உங்க பேர், ஊர், வேலை எல்லாம் பொதுப் பதிவுல வந்துடும், அலுவலகத்துல யார் வேணா பார்க்கலாம். பணம் கட்டுற பக்கத்துல "மாதாமாதம்"ங்கிற கட்டம் டிக் ஆகியிருக்கான்னும் பாருங்க.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இன்னொண்ணு. இங்க தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு நல்ல கூட்டம் வரும். அங்க மேடையில அந்த வேட்பாளரை ரெண்டு நிமிஷம் பேச வைக்கலாமா?

பதில் (மான்செஸ்டர்):

கூடாது தம்பி. சங்கங்கள் பெரும்பாலும் வரிவிலக்கு வாங்கின அறக்கட்டளைகள். ஒரு வேட்பாளரை ஆதரிச்சா அந்த விலக்குக்கே ஆபத்து. சங்கத்தோட மின்னஞ்சல் பட்டியலையும் தொடாதீங்க. பொங்கல் சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரர்கிட்ட தனிப்பட்ட முறையில பேசுறதை யாரும் தடுக்க முடியாது. அதுவும் குடியுரிமை வாங்கினவரான்னு முதல்ல கேட்டுக்கோங்க, இல்லேன்னா ஓட்டில்லாத ரெண்டு பேர் சாம்பார் ஆறுற வரைக்கும் பேசிட்டு இருப்பீங்க.