ரஷ் ஹவர் 3 ஏன் இப்படிச் சப்பென்று போனது?

கேள்வி:
ரஷ் ஹவர் படங்களில் 1998இல் வந்த முதல் பாகம் எனக்கு உயிர். கண்காட்சிக் கூடத்தில் பெரிய சீன ஜாடிகள் விழாமல் தாங்கிக்கொண்டே ஜாக்கி சான் அடியாட்களைச் சமாளிப்பாரே, அந்த ஒரே சண்டையில் பதற்றமும் சிரிப்பும் சேர்ந்து வரும். 2007இல் வந்த மூன்றாம் பாகத்தில் பாரிஸ், ஈஃபிள் கோபுரம் எல்லாம் இருந்தும் மனசில் ஒட்டவே இல்லை. உங்களுக்கும் அப்படித்தானா?

பதில் 1:
அதேதான். ஜாக்கிக்கு வயதாகிவிட்டது என்பார்கள், அப்போது அவருக்கு 53. எனக்கு அது காரணமாகப் படவில்லை. ஹிரோயுகி சனாடா மாதிரி வாள் சுழற்றத் தெரிந்த நடிகரை ஜாக்கிக்குச் சகோதரன் முறையில் வில்லனாக்கிவிட்டு, அந்த உறவை வளர்க்காமல் விட்டார்களே, அதுதான் ஆத்திரம்.

பதில் 2:
முதல் படத்தில் ஹாங்காங் போலீஸ்காரர் லீயும் (ஜாக்கி) அமெரிக்கப் போலீஸ்காரர் கார்ட்டரும் (கிறிஸ் டக்கர்) ஒருவரையொருவர் நம்பவே மாட்டார்கள். கதையே அந்த உரசல்தான். மூன்றில் இருவரும் பழகிய நண்பர்கள். நடுவில் கோபித்துப் பிரிந்தாலும் சீக்கிரமே சேர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கிருந்து சூடு வரும்?

கேள்வி கேட்டவர்:
சரியாகச் சொன்னீர்கள். இரண்டாம் பாகத்தில் ஹாங்காங் மூங்கில் சாரத்தில் நடக்கும் சண்டைக்காகவாவது அதைத் திரும்பப் பார்க்கலாம். மூன்றில் கடைசியாக ஓடும், படப்பிடிப்பில் நடந்த சொதப்பல் காட்சிகள் மட்டும் எனக்குப் போதும்.